குடல் பாக்டீரியா அழற்சியைக் கூட்டுதா, குறைக்குதா?

கொங்குவாசி:
எனக்கு அல்சரேட்டிவ் கொலைட்டிஸ், அதாவது பெருங்குடல்ல அழற்சியும் புண்ணும். மெசலமைன் மாத்திரையில ஓரளவு அடங்கியிருக்கு. மெடிக்கல் ஷாப்காரர் "நல்ல பாக்டீரியா" கேப்ஸ்யூல்னு ஒரு டப்பாவை எடுத்து நீட்டுறார். நெட்ல தேடினா, குடல் பாக்டீரியாவாலதான் அழற்சியே வருதுன்னு ஒருத்தர் எழுதியிருக்கார். அதுதான் அழற்சியை அடக்குதுன்னு இன்னொருத்தர். எது சரி? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பசுமைக்குமார்:
காலையில வெறும் வயித்துல நீராகாரம் குடிங்க சார். எல்லாம் சரியாயிடும்.

எலிக்கூண்டு:
நான் டாக்டர் இல்லை. ஒரு ஆராய்ச்சிக்கூடத்து அனிமல் ஹவுஸ்ல வேலை. எலிக்குக் கூண்டு மாத்துறது, புழுக்கை சேகரிக்கிறதுதான் பொழப்பு. நீங்க படிச்ச ரெண்டுமே சரி. எந்த பாக்டீரியா, குடல்ல எந்த இடத்துல, யாரோட உடம்புலங்கிறதுதான் கேள்வி.

அமெரிக்காவுல டாகோனிக், ஜாக்சன்னு ரெண்டு பெரிய எலி சப்ளையர்கள். ரெண்டு பேர்கிட்டயும் பிளாக் 6-ங்கிற ஒரே ஆய்வு எலி வம்சம் வாங்கலாம். ஆனா டாகோனிக் எலியோட சிறுகுடல்ல டிஎச்17ங்கிற அழற்சி செல்கள் நிறைய, ஜாக்சன் எலியில ரொம்பக் கம்மி. ரெண்டையும் ஒரே கூண்டுல விட்டா ஜாக்சன் எலிக்கும் வந்துடும். எலி ஒண்ணோட புழுக்கையை இன்னொண்ணு தின்னும், பாக்டீரியா பரவ அதான் வழி. (சோதனை தொடங்குறதுக்கு முன்னாடி கூண்டுகளுக்குள்ள படுக்கைத்தூளை மாத்தி மாத்திக் கலக்குறது, எல்லா எலிக்கும் ஒரே மாதிரி பாக்டீரியா இருக்கணும்னுதான். புதுசா வர்ற மாணவர்களுக்கு இது புரியவே மாட்டேங்குது.)

2009-ல நியூயார்க்ல டான் லிட்மன் குழு ஆளைக் கண்டுபிடிச்சது: எஸ்எஃப்பின்னு ஒரு இழை பாக்டீரியா. சிறுகுடலோட கடைசிப் பகுதியில சுவத்தை ஒட்டிப் பிடிச்சுக்கும். கிருமியே இல்லாம வளர்த்த எலிக்கு இதை மட்டும் கொடுத்தாலே டிஎச்17 பெருகுது. அதனால சிட்ரோபேக்டர்ங்கிற வயித்துக் கிருமி தாக்கினா எலி தாக்குப்பிடிக்குது. மறுவருஷமே ஹார்வர்ட்ல, மூட்டுவாதம் வரக்கூடிய வம்சத்து எலிக்கு இதே எஸ்எஃப்பியைக் கொடுத்தாங்க. மூட்டு வீங்கிடுச்சு. அதே பாக்டீரியா, அதே டிஎச்17.

எதிர்ப்பக்கம் ஜப்பான்ல கென்யா ஹோண்டா. மனுஷ மலத்துல இருந்து க்ளாஸ்ட்ரிடியாங்கிற பாக்டீரியாக் கூட்டத்துல 17 ஸ்ட்ரெய்ன்களை (உள்வகைகளை) பிரிச்சு 2013-ல எலிக்குக் கொடுத்தார். அழற்சியை அடக்குற டி-ரெக் செல்கள் பெருங்குடல்ல கூடுச்சு. இந்தக் கூட்டம் நாம சாப்பிடுற நார்ச்சத்தைப் புளிக்க வெச்சு ப்யூட்ரேட்ங்கிற கொழுப்பு அமிலத்தைத் தயாரிக்கும். பெருங்குடல் சுவர் செல்லுக்கு அதுதான் முக்கிய எரிபொருள், டி-ரெக் உருவாகவும் அது உதவுது. (2025 நோபல் வாங்குன சகாகுச்சி கண்டுபிடிச்சது இந்த டி-ரெக்கைத்தான்.)

சரி, டிஎச்17தான் வில்லன்னா அது சுரக்குற ஆயுதமான ஐஎல்-17ங்கிற புரதத்தைத் தடுத்துட்டா போச்சேன்னு தோணும். அப்படித் தடுக்கிற செகுகினுமாப் மருந்தை, க்ரோன்ஸ்ங்கிற இன்னொரு குடல் அழற்சி நோய் உள்ளவங்களுக்குக் கொடுத்துப் பார்த்தாங்க, முடிவு 2012-ல வந்தது. குணமாகலை, பலருக்கு மோசமாச்சு, பூஞ்சைத் தொற்றும் வந்தது. குடல் சுவத்தைக் காவல் காக்கவும் அதே ஐஎல்-17 வேணும். அழற்சியை மொத்தமா அணைக்கணும்னு யாராவது சொன்னா எனக்கு இந்த சோதனைதான் ஞாபகம் வரும்.

கொங்குவாசி:
ரொம்ப நன்றிங்க. அப்போ கேப்ஸ்யூல் வாங்கலாமா, வேண்டாமா?

எலிக்கூண்டு:
டப்பாவுல ஸ்ட்ரெய்ன் பேர் இருக்கான்னு பாருங்க. உங்க நோய்க்கு ஓரளவு ஆதாரம் இருக்கிறது ஈ.கோலை நிஸ்லே 1917-க்கு. முதல் உலகப்போர்ல கூட இருந்தவங்களுக்கெல்லாம் வயித்தாலே போனப்போ, பாதிக்கப்படாத ஒரு சிப்பாயோட மலத்துல இருந்து ஜெர்மன் டாக்டர் நிஸ்லே எடுத்தது. அடங்கின கொலைட்டிஸ் திரும்பாம வெச்சிருக்கிறதுல மெசலமைனுக்குக் கிட்டத்தட்ட சமமா இருந்ததுன்னு 2004-ல ஒரு பெரிய சோதனை வந்தது. ஆனாலும் அமெரிக்க குடல்நோய் சங்கம் 2020-ல, கொலைட்டிஸுக்கு ப்ரோபயாட்டிக்கை (இந்த மாதிரி "நல்ல பாக்டீரியா" மருந்தை) மருத்துவ சோதனைக்குள்ள மட்டும் கொடுங்கன்னுதான் சொல்லுது. மெசலமைனை நீங்களா நிறுத்திடாதீங்க. அசாதயோப்ரின், ஸ்டீராய்டு மாதிரி எதிர்ப்புசக்தியைக் குறைக்கிற மருந்து ஏதாவது எடுத்துக்கிட்டிருந்தா, உயிருள்ள பாக்டீரியாவை டாக்டரைக் கேக்காம தொடவே வேண்டாம்.

பசுமைக்குமார்:
நீராகாரத்துலயும் பாக்டீரியா இருக்கே சார்?

எலிக்கூண்டு:
இருக்கு. குடிக்கலாம். மாத்திரைக்குப் பதிலா இல்லை.

கொங்குவாசி:
டப்பாவுல "லாக்டோபேசிலஸ்"னு மட்டும்தான் போட்டிருக்கு. அடுத்த வாரம் ஓபி இருக்கு, நிஸ்லே இங்க கிடைக்குமான்னு டாக்டர்கிட்டயே கேட்டுக்கறேன்.