மெத்தட் அழைப்பை இணைக்கும் பொறுப்பு யாருக்கு: மொழிக்கா, ஜேவிஎம்முக்கா?

தொடுவானம்:

ஜேவிஎம்மின் (ஜாவா நிரல்களை ஓட்டும் மெய்நிகர் இயந்திரம்) மேல் ஓடும் ஒரு சிறிய டைனமிக் மொழியை எழுதிக்கொண்டிருக்கிறேன். மாறிகளுக்கு வகை அறிவிக்கத் தேவையில்லை. நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே எந்தக் கிளாஸையும் மறுபடி திறந்து புதிய மெத்தடைச் சேர்க்கலாம், இருப்பதை மாற்றலாம். தற்போது `வடிவம்.பரப்பு()` என்று ஓர் அழைப்பு வந்தால், பெறுநரின் (எந்தப் பொருளின் மேல் அழைப்பு வருகிறதோ அதன்) கிளாஸில் தொடங்கி மேலே உள்ள ஒவ்வொரு தாய்க் கிளாஸின் ஹாஷ் மேப்பிலும் (பெயரிலிருந்து மெத்தடைக் காட்டும் அட்டவணை) பெயரைத் தேடுகிறேன். விடை சரியாகவே வருகிறது. ஆனால் லூப்புக்குள் அதே வரி லட்சம் முறை ஓடினால் லட்சம் முறையும் அதே தேடல் நடக்கிறது.

தேடலைத் தவிர்க்க இரண்டு வழிகள் தெரிகின்றன. பைட்கோடில் (ஜேவிஎம் ஓட்டும் கட்டளை வடிவம்) இன்வோக்டைனமிக் கட்டளையை எழுதி, இணைப்பை, அதாவது எந்த மெத்தடை ஓட்டுவது என்ற முடிவை, ஜேவிஎம்மின் ஏற்பாட்டிலேயே விட்டுவிடலாம். அல்லது இன்டர்பிரெட்டரின் (நிரலை நேரடியாகப் படித்து ஓட்டும் பகுதி) ஒவ்வொரு அழைப்பு நோடிலும் (ஓர் அழைப்பைக் குறிக்கும் பொருள்) நானே ஒரு கேச் (முன்பு கிடைத்த விடையின் சேமிப்பு) வைத்துக்கொள்ளலாம். எதை எடுப்பது, ஏன் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்க வேண்டும். பயனர்கள் எழுதுபவற்றில் பாதி சில நொடிகளில் முடிந்துவிடும் ஸ்கிரிப்டுகள். மீதி நாட்கணக்கில் ஓடும் சர்வர்கள்.

கல்வெட்டு:

இன்வோக்டைனமிக்கையே எடுங்கள். அது இந்தப் பணிக்காகவே சேர்க்கப்பட்ட கட்டளை. 2011-இல் ஜாவா 7 வரும்வரை ஜேவிஎம்மில் நான்கு அழைப்புக் கட்டளைகள்தாம் இருந்தன. அவை நான்கும் ஜாவாவின் வகை விதிகளையே பின்பற்றியதால், ஜேவிஎம்மில் ஓடும் ஜேரூபி, குரூவி போன்ற டைனமிக் மொழிகள் ரிஃப்ளெக்‌ஷன் (மெத்தடை ஓடும்போது பெயரால் தேடி அழைக்கும் ஜாவா வசதி) மூலமாகவோ, ஒவ்வொரு மெத்தடுக்கும் தாங்களே உருவாக்கிய குட்டிக் கிளாஸ்கள் மூலமாகவோ தலையைச் சுற்றி மூக்கைத் தொட வேண்டியிருந்தது. ஜேஎஸ்ஆர் 292 என்ற ஜாவா தர முன்மொழிவு ஐந்தாவதாக இன்வோக்டைனமிக் கட்டளையைக் கொண்டுவந்து, "எந்த மெத்தட்?" என்ற கேள்விக்கு விடை சொல்லும் உரிமையை மொழியை எழுதுபவரிடம் கொடுத்தது.

உங்கள் எடுத்துக்காட்டையே பார்ப்போம். `வடிவம்.பரப்பு()` உள்ள இடத்தை ஜேவிஎம் முதன்முறை எட்டும்போது, இணைப்பைத் தொடங்கிவைக்க நீங்கள் எழுதிய பூட்ஸ்ட்ராப் மெத்தடை அழைத்து, பெயரையும் அழைப்பின் வகையையும் அதற்குக் கொடுக்கிறது. நீங்கள் ஒரு மியூட்டபிள்கால்சைட் (இலக்கை மாற்றக்கூடிய அழைப்பிடம்) பொருளைத் திருப்பித் தருகிறீர்கள். அதன் தொடக்க இலக்கு உங்களுடைய மெதுவான தேடல் ரொட்டீன். அந்த இடத்தைப் பொறுத்தவரை பூட்ஸ்ட்ராப்பின் வேலை அத்துடன் முடிந்தது. இப்போது தேடல் ரொட்டீனுக்குப் பெறுநர் கிடைக்கிறது. அது வட்டம் என்று கண்டு, வட்டத்தின் பரப்பு மெத்தடுக்குரிய ஹேண்டிலை (மெத்தடைச் சுட்டி அழைக்க உதவும் பொருள்) எடுத்து, "பெறுநரின் கிளாஸ் வட்டமானால் இந்த ஹேண்டில், இல்லாவிட்டால் மறுபடியும் தேடல்" என்ற நிபந்தனையை கார்ட்வித்டெஸ்ட் கொண்டு கோத்து, அதையே புதிய இலக்காக வைத்துவிடுகிறது. இரண்டாம் முறை முதல் ஹாஷ் மேப்பின் பக்கமே யாரும் போவதில்லை.

இதற்குப் பிறகு நடப்பதுதான் முக்கியம். ஹாட்ஸ்பாட் எனும் வழக்கமான ஜேவிஎம்மின் ஜிட் கம்பைலர் (நிரல் ஓடும்போதே அதை இயந்திரக் குறியீடாக்குவது) அந்த இலக்கை மாறிலியாகவே எடுத்துக்கொள்கிறது. ஆகவே ஹேண்டில்களின் சங்கிலி முழுவதையும் ஊடுருவிப் பார்த்து, பரப்பு மெத்தடின் உடலை அழைப்பவரின் குறியீட்டுக்குள்ளேயே இன்லைன் செய்துவிடுகிறது. மிஞ்சுவது ஒரு கிளாஸ் ஒப்பீடு மட்டுமே. நோடின் ஃபீல்டில் நீங்களே கேச் வைத்தால், அந்த ஃபீல்டு எப்போது வேண்டுமானாலும் மாறக்கூடும் என்றே ஜிட் கருத வேண்டியிருக்கும். மறைமுக அழைப்பு அப்படியே நிற்கும். 2010-இல் மைக்ரோசாஃப்டின் .நெட் 4 உடன் வந்த டிஎல்ஆரும் (டைனமிக் மொழிகளுக்கான அதன் ஏற்பாடு) அழைப்பிடத்திலேயே விதிகளைச் சேமித்தது. ஆனால் அவை டெலிகேட்டுகளாக (மெத்தடைச் சுட்டும் .நெட் பொருள்கள்) இருந்தன. அன்றைய ரன்டைம் டெலிகேட்டைத் தாண்டி இன்லைன் செய்யாததால், இணைந்த பிறகும் ஒவ்வொரு அழைப்பிலும் ஒரு டெலிகேட்டின் விலையைக் கொடுக்க வேண்டியிருந்தது.

மணல்வீடு:

கல்வெட்டு அவர்கள் சொன்னது எல்லாம் ஜிட் சூடான பிறகு, அதாவது அடிக்கடி ஓடும் குறியீட்டை அது கம்பைல் செய்த பிறகு, நடக்கும் கதை. தொடுவானம் நண்பரின் பயனர்களில் பாதிப் பேர் அந்தக் கட்டத்துக்கு வருவதே இல்லை.

அழைப்பிடத்தில் கேச் வைக்கும் எண்ணம் ஜேவிஎம்மின் கண்டுபிடிப்பு அன்று. 1984-இல் டாய்ச்சும் ஷிஃப்மனும் ஸ்மால்டாக்-80 அமைப்புக்கு இதைச் செய்துகாட்டினார்கள். தேடல் ரொட்டீனை அழைக்கும் இயந்திரக் கட்டளையை, முதல் தேடலுக்குப் பிறகு, கிடைத்த மெத்தடை நேரடியாக அழைக்கும் கட்டளையாக அந்த இடத்திலேயே மாற்றி எழுதினார்கள். கிளாஸ் சரிதானா என்ற சோதனை மெத்தடின் நுழைவாயிலில் இருந்தது. சுமார் 95 விழுக்காடு நேரங்களில் முன்பு வந்த கிளாஸே மறுபடியும் வருகிறது என்பதுதான் அவர்களுடைய அடிப்படை. அந்த 95 விழுக்காட்டின் பெரும்பலனைப் பெறுவதற்கு, நோடில் இரண்டு ஃபீல்டுகள் போதும்: கடைசியாகப் பார்த்த கிளாஸ் ஒன்று, அதற்குக் கிடைத்த மெத்தட் மற்றொன்று.

இன்வோக்டைனமிக்கின் விலை தொடக்கத்தில் விழுகிறது. ஒவ்வோர் அழைப்பிடத்துக்கும் பூட்ஸ்ட்ராப் ஓட வேண்டும். ஹேண்டில்களைக் கோக்க வேண்டும். புதிய வடிவமுள்ள ஒவ்வொரு ஹேண்டில் கோவைக்கும் ஜேவிஎம் உள்ளுக்குள் லாம்டாஃபார்ம்களை (அந்தக் கோவையை விவரிக்கும் உள்வடிவங்கள்) உருவாக்கி, அவற்றுக்குப் பைட்கோடும் தயாரிக்க நேரிடுகிறது. ஒரே ஒருமுறை ஓடும் வரிக்கும் இவ்வளவு சடங்கு உண்டு. இது என் கற்பனை அன்று. குரூவி 2012-இல் 2.0 பதிப்பிலேயே இதை விருப்பத் தேர்வாகக் கொடுத்தும், 4.0 பதிப்பில்தான் இயல்பாக்கியது. ஜேரூபி 9 வரிசையில் இதன் முழு வேகம் வேண்டுமானால் நாமாகக் கேட்டு இயக்க வேண்டும். மொழியை எழுதுபவர்களே இவ்வளவு காலம் தயங்கியிருக்கிறார்கள் என்றால் அதற்குக் காரணம் இருக்கிறது.

நேட்டிவ் இமேஜ் போல முன்கூட்டியே கம்பைல் செய்து ஒற்றை பைனரியாகத் தர நினைத்தால் இன்னொரு சிக்கல். ஓடும்போது புதிய கிளாஸ் உருவாகக் கூடாது என்பது அங்கே அடிப்படை நிபந்தனை. ஜாவாவின் லாம்டாக்களை பில்ட் நேரத்திலேயே முடித்துவிட முடியும். மொழியின் விருப்பத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும் அழைப்பிடத்துக்கு அந்த வழி இல்லை. சாதாரண நோடும் ஃபீல்டும் அங்கேயும் ஓடும்.

எட்டுக்கால்:

இருவரும் வேகத்தைப் பற்றியே பேசுகிறீர்கள். கேள்வி கேட்டவர் "எந்தக் கிளாஸையும் மறுபடி திறக்கலாம்" என்று எழுதியிருப்பதை இருவருமே கவனிக்காமல் கடந்துவிட்டீர்கள். இணைப்பது எளிது, இணைத்ததை எப்போது அவிழ்ப்பது என்பதில்தான் மொழிகள் கையைச் சுட்டுக்கொள்கின்றன.

பெறுநரின் கிளாஸ் வட்டம்தான் என்று சோதித்தால் மட்டும் போதாது. வட்டம் தன் தாய்க் கிளாஸான வடிவத்திலிருந்து பரப்பு மெத்தடைப் பெற்றிருக்க, அங்கே யாரோ அதை மாற்றியிருந்தால், வட்டம் அதே வட்டமாகவே இருக்கும். கேச் பழைய மெத்தடை நிம்மதியாக ஓட்டிக்கொண்டிருக்கும். ரூபி 2.0 வரை இதற்கு வைத்திருந்த மருந்து ஒரே ஒரு பொது எண். எந்த மூலையில் எந்தக் கிளாஸின் மெத்தட் மாறினாலும் அந்த எண் கூடும். நிரல் முழுவதிலும் உள்ள எல்லா இன்லைன் கேச்களும் ஒரேயடியாகச் செல்லாதவை ஆகிவிடும். ஓடும்போது ஒரு பொருளை ஒரு மாட்யூலால் (மெத்தடுகளின் தொகுப்பு) நீட்டித்தாலே இது நடக்கும் என்பதால், ஒவ்வொரு வேண்டுகோளிலும் அப்படிச் செய்யும் சர்வர் தன் கேச்களைத் தானே கொன்றுகொண்டிருந்தது. 2013 இறுதியில் வந்த 2.1 பதிப்பு, மாற்றப்பட்ட கிளாஸும் அதன் வாரிசுகளும் மட்டும் செல்லாததாகும்படி திருத்திய பிறகே மூச்சு விட முடிந்தது.

2022-இல் வந்த சிபைத்தான் 3.11 (பைத்தான் மொழியின் முதன்மைச் செயலாக்கம்) மணல்வீடு சொல்லும் பாதையில்தான் நடக்கிறது: ஜிட் இல்லை, கேச் பைட்கோடுக்குள்ளேயே கட்டளையை அடுத்து அமர்ந்திருக்கிறது. ஆனால் அங்கே சேமிப்பது கிளாஸை அல்ல, கிளாஸின் பதிப்பு எண்ணை. கிளாஸையோ அதன் தாயையோ தொட்டால் எண் செல்லாததாகிவிடும், ஒப்பீடு தோற்கும், கட்டளை பொதுவான வடிவத்துக்குத் திரும்பும். நீங்கள் நோடில் வைக்கப்போகும் இரண்டு ஃபீல்டுகளில் முதலாவது இந்த எண்ணாகத்தான் இருக்க வேண்டும்.

கல்வெட்டு:

எட்டுக்கால் சரியான இடத்தைத் தொட்டிருக்கிறார். ஆனால் அவர் சொன்னது என் வாதத்துக்கே வலுச் சேர்க்கிறது. பதிப்பு எண்ணை ஒவ்வோர் அழைப்பிலும் நினைவகத்திலிருந்து படித்து ஒப்பிட வேண்டும். ஜேவிஎம்மில் ஸ்விட்ச்பாயிண்ட் என்று ஒன்று இருக்கிறது. வடிவம் கிளாஸுக்கு ஒன்றை வைத்து, அதை நம்பியிருக்கும் எல்லா இணைப்புகளையும் அதன் வழியாகக் கோத்துவிட்டால், அது செல்லுபடியாக இருக்கும்வரை கம்பைல் செய்யப்பட்ட குறியீட்டில் அந்தச் சோதனைக்கு ஒரு கட்டளைகூட மிஞ்சாது. யாரேனும் மெத்தடை மாற்றினால் நீங்கள் அதைச் செல்லாததாக்குகிறீர்கள். அதை நம்பிய குறியீட்டை ஜேவிஎம் டீஆப்டிமைஸ் செய்துவிடும், அதாவது அதைக் கைவிட்டு மெதுவான வழிக்குத் திரும்பிவிடும். மாற்றம் அரிது, அழைப்பு அடிக்கடி. அரிதானவர் செலவை ஏற்பதுதான் முறை.

தொடக்கச் செலவு உண்மைதான், மறுக்கவில்லை. அதற்காக நாட்கணக்கில் ஓடும் சர்வரைத் தண்டிக்க வேண்டியதில்லை.

மணல்வீடு:

"மாற்றம் அரிது" என்பது எந்தக் கட்டத்தைப் பற்றியது என்று கேட்கிறேன். இத்தகைய மொழியில் கிளாஸ் அறிவிப்பு என்பதே ஓடும் குறியீடு. ஒரு கிளாஸின் உடலில் நாற்பது மெத்தடுகள் இருந்தால், அவை நாற்பது தனித்தனி மாற்றங்கள். நூலகங்கள் ஏற்றப்படும் நேரம் முழுவதும் மாற்றங்களின் மழைதான். ஸ்விட்ச்பாயிண்டைச் செல்லாததாக்குவது விலை உயர்ந்த செயல், முடிந்தால் பலவற்றைச் சேர்த்து ஒரே தடவையில் செய்யுங்கள் என்று ஜாவாவின் ஆவணமே எச்சரிக்கிறது. பதிப்பு எண்ணை ஒன்று கூட்டுவதற்கு யாரும் எச்சரிக்கை எழுத வேண்டியதில்லை.

கல்வெட்டு:

அந்த மழைக்குக் குடை இருக்கிறது. கிளாஸ் பிறக்கும்போதே ஸ்விட்ச்பாயிண்டை உருவாக்காதீர்கள். ஏதாவது ஓர் அழைப்பிடம் அந்தக் கிளாஸை நம்பி முதன்முறை இணையும்போது மட்டும் உருவாக்குங்கள். நாற்பது மெத்தடுகள் சேரும்வரை யாரும் அதை அழைக்கவில்லை என்றால், செல்லாததாக்க எதுவுமே இருக்காது.

தொடுவானம்:

இடையில் ஒரு கேள்வி. ஒரே அழைப்பிடத்துக்கு வட்டம், சதுரம், முக்கோணம் என்று பத்து வகைப் பெறுநர்கள் மாறி மாறி வந்தால்? கார்ட்வித்டெஸ்ட் சங்கிலி நீண்டுகொண்டே போகுமா?

எட்டுக்கால்:

நீளவிடக் கூடாது. பல கிளாஸ்களை ஒரே இடத்தில் வரிசையாகச் சோதிக்கும் பாலிமார்ஃபிக் இன்லைன் கேச்சை 1991-இல் ஹோல்ஸ்லே, சேம்பர்ஸ், உங்கர் ஆகியோர் செல்ஃப் மொழிக்காக விவரித்தார்கள். அதற்கும் எல்லை உண்டு. கூகுளின் ஜாவாஸ்கிரிப்ட் எஞ்சினான வி8 நான்கு வடிவங்களோடு நிறுத்திக்கொண்டு, அதற்கு மேல் போனால் அந்த இடத்தை மெகாமார்ஃபிக் என்று முத்திரையிட்டு, பொதுவான கேச்சில் தேடுகிறது. உங்களுக்கு இது இன்னும் முக்கியம்: மியூட்டபிள்கால்சைட்டின் இலக்கை மாற்றும் ஒவ்வொரு முறையும், அதை மாறிலியாக நம்பிய கம்பைல் குறியீடு வீணாகிறது. எல்லை வைக்காவிட்டால் கம்பைல் செய்வதும் தூக்கி எறிவதுமாகவே சர்வர் ஓடும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். உங்கள் மொழியின் பொருள்கள் எல்லாமே ஜாவாவின் ஒரே கிளாஸால் ஆனவை என்றால், கார்ட்வித்டெஸ்ட் சோதனையில் ஜாவா கிளாஸை ஒப்பிடுவதில் பயனில்லை. பொருளுக்குள் நீங்கள் வைத்திருக்கும் மொழிக் கிளாஸின் ஃபீல்டைத்தான் ஒப்பிட வேண்டும்.

தொடுவானம்:

இப்போதைய என் திட்டம் இது. நிரல் இன்டர்பிரெட்டரில் தொடங்கும். நோடில் பதிப்பு எண்ணும் மெத்தடும் இருக்கும், அதிகபட்சம் நான்கு சோடிகள். ஒரு மெத்தட் சூடான பிறகுதான் அதைப் பைட்கோடாக மாற்றி, அங்கே இன்வோக்டைனமிக் எழுதுவேன்.

மணல்வீடு:

அப்படியானால் செல்லாததாக்கும் ஏற்பாடு இரண்டாகிவிடும். மெத்தட் மாறும்போது எண்ணைக் கூட்டிவிட்டு ஸ்விட்ச்பாயிண்டைத் தொட மறந்தால், இன்டர்பிரெட்டரில் புதிய மெத்தடும் பைட்கோடில் பழைய மெத்தடும் ஓடும். அத்தகைய பிழையைத் தேடிப் பிடிப்பதைவிட மெதுவான மொழியே மேல். பைட்கோடிலும் எண்ணையே ஒப்பிடுங்கள். ஒரு ஒப்பீட்டின் விலை போகட்டும்.

கல்வெட்டு:

அதற்கு இரண்டு ஏற்பாடு தேவையில்லை. எண்ணுக்குப் பதிலாக ஒரு சிறிய டோக்கன் பொருளைக் கிளாஸில் வையுங்கள். தேவைப்படும்போது ஸ்விட்ச்பாயிண்ட் அந்த டோக்கனுக்குள் பிறக்கட்டும். நோடு டோக்கனின் அடையாளத்தை ஒப்பிடும், பைட்கோடு அதனுள் இருக்கும் ஸ்விட்ச்பாயிண்டை நம்பும். மாற்றம் வந்தால் புதிய டோக்கனைக் கிளாஸிலும் அதன் வாரிசுகளிலும் வைத்துவிட்டு, பழையவற்றில் ஸ்விட்ச்பாயிண்ட் இருந்தால் அவற்றைச் சேர்த்து ஒரே தடவையில் செல்லாததாக்குங்கள். அந்த ஒரு ஃபங்ஷனைத் தவிர வேறெங்கிருந்தும் மெத்தட் அட்டவணையை மாற்ற முடியாதபடி அதை பிரைவேட் ஆக்கிவிட்டால், மறப்பதற்கு இடமே இல்லை.

மணல்வீடு:

வாரிசுகளின் பட்டியலை நீங்களே வைத்திருக்க வேண்டும், அதுவும் வீக் ரெஃபரன்ஸாக (பொருளை நினைவகத்தில் பிடித்துவைக்காத சுட்டி); இல்லாவிட்டால் தற்காலிகமாக உருவாகும் கிளாஸ்கள் நினைவகத்தை விட்டு வெளியேறாது. இரண்டு திரெட்டுகள் ஒரே நேரத்தில் இரண்டு மெத்தடுகளை மாற்றினால் லாக்கும் வேண்டும். இவற்றை எழுதிவிட்டால் எனக்கு மறுப்பு இல்லை. ஸ்கிரிப்டின் தொடக்க நேரத்தை மட்டும் தனியாக அளந்து இங்கே போடுங்கள்.