கறுத்த தோலுக்கு கெமிக்கல் பீல்: செய்துகொண்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

பரு ஆறிய இடமெல்லாம் கன்னத்தில் கறுப்புக் கறையாக நின்றுவிட்டது எனக்கு. ஆசிட் பூசி மேல்தோலை உரிக்கும் கெமிக்கல் பீல் வேண்டும் என்று போனால், டாக்டர் உடனே ஆசிட்டை எடுக்கவில்லை. இரவில் கறையை வெளிறவைக்கும் ஹைட்ரோகுவினோனும், வைட்டமின் ஏ வகையான ட்ரெட்டினோயினும் க்ரீமாக, பகலில் சன்ஸ்கிரீன், சில வாரம் இதுதான். நம் மாதிரித் தோல் சின்ன எரிச்சலுக்கும் மெலனின் என்ற கறுப்பு நிறமியைக் கொட்டும், தயார்ப்படுத்தாமல் ஆசிட் வைத்தால் பழைய கறையோடு புதுக் கறையும் சேரும் என்றார். பீலுக்குச் சில நாள் முன்பே ட்ரெட்டினோயினை நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆசிட் ஆழமாக இறங்கிவிடும். த்ரெடிங், வேக்ஸிங் அந்த வாரம் கூடாது.

எனக்கு வைத்தது 20% சாலிசிலிக் ஆசிட். சுரீரென்று எரிந்து, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கியது. முகமெல்லாம் வெள்ளை படிந்ததைக் கண்ணாடியில் பார்த்துப் பதறிவிட்டேன்! அது சாலிசிலிக் உலர்ந்து படியும் படிகம், துடைத்தால் போய்விடும். டிசிஏ (ட்ரைகுளோரோஅசிட்டிக் ஆசிட்) பீலில் வரும் வெள்ளை வேறு. அது தோலின் புரதமே உறைவது, துடைத்தால் போகாது.

அப்புறம் வாயைச் சுற்றி மெல்லிசாக உரிந்தது. கை பரபரக்கும், பிய்க்காதீர்கள். முதல் பீலில் பெரிய மாற்றம் ஒன்றும் தெரியவில்லை. சில வாரம் இடைவெளி விட்டு அடுத்தடுத்து செய்ததில்தான் கறை வெளிறியது. பாதி வேலையை அந்த க்ரீமும் சன்ஸ்கிரீனும் செய்தன என்றே நினைக்கிறேன்.

*

எனக்குப் பரு இல்லை, மங்கு (மெலாஸ்மா). இரண்டையும் ஒன்றாக நினைக்காதீர்கள். உட்ஸ் விளக்கு என்ற புற ஊதா விளக்கில் பார்த்துவிட்டு, நிறமி கொஞ்சம் மேல்தோலில், கொஞ்சம் அடியில் என்றார்கள். மேலே இருந்தது லாக்டிக் பீலில் குறைந்தது, அடியில் இருப்பது அசையவில்லை. குறைந்ததும் வெயிலில் அலைந்தால் திரும்பி வருகிறது. மங்குக் கறையைக் கண்ணுக்குத் தெரியும் ஒளியும் கறுக்க வைக்கும் என்பதால், இரும்பு ஆக்சைடு சேர்ந்த நிறமுள்ள சன்ஸ்கிரீனுக்கு மாறச் சொன்னார்கள். வெள்ளையாகப் பூசுவதைவிட இது முகத்தோடு ஒட்டிப்போகிறது, அதுவே பெரிய நிம்மதி.

*

என் அக்கா கதை வேறு. ஒரு பியூட்டி பார்லரில் கிளைகோலிக் வைத்தார்கள். எத்தனை சதவீதம் என்று கேட்டதற்கு, "நல்ல ஸ்ட்ராங்" என்று பதில். கிளைகோலிக் சாலிசிலிக் மாதிரி தானாக நிற்காது, நேரம் பார்த்துத் தண்ணீராலோ சமையல் சோடா கரைசலாலோ நிறுத்த வேண்டும். அந்தப் பெண் பக்கத்து நாற்காலிக்குப் போய்விட்டாள். தாடையோரம் வெந்து, ஆறிய இடம் கருகருவென்று மாறி, தெளிய மாதக்கணக்கானது. கேட்டால் "உங்கள் தோல் அப்படி" என்றார்கள்.

*

மேலே அக்காவைப் பற்றி எழுதியவருக்கு: அடுத்த முறை மாண்டலிக் ஆசிட் பீல் பற்றி டாக்டரிடம் கேட்கச் சொல்லுங்கள். மூலக்கூறு பெரியது, மெதுவாக இறங்கும், எரிச்சல் குறைவு. ஃபீனால் மாதிரி ஆழமான பீல் கறுத்த தோலுக்கு வேண்டவே வேண்டாம். உதட்டோரம் அக்கிக் கொப்புளம் வந்து போகிறவர்கள் அதை முன்கூட்டியே டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், மாத்திரை கொடுத்துவிட்டுத்தான் பீல் வைப்பார்கள்.