புதுப்பிப்பு: திருட்டு வயலினை நம் துப்பறிவாளர் எப்படி நிரூபிப்பார்?

முந்தைய இழையில், பழைய இத்தாலியக் கைவினைஞர் ஸ்ட்ராடிவாரி செய்து, பின்னர் திருடுபோன வயலினைத் தேடும் பெண் துப்பறிவாளரின் கதைக்கருவைப் போட்டிருந்தேன். உள்ளே ஒட்டியிருக்கும் சீட்டே போதாதா என்று பலர் கேட்டிருந்தீர்கள். போதாது. ஸ்ட்ராடிவாரியின் பெயரும் அவர் வாழ்ந்த "கிரெமோனா" என்ற ஊரும் அச்சிட்ட சீட்டு, 19ஆம் நூற்றாண்டின் தொழிற்சாலை வயலின்கள் ஆயிரக்கணக்கானவற்றில் உண்டு.

தந்தி, குதிரை (தந்திகளைத் தாங்கும் சிறு மரத்துண்டு), பிரடை (தந்தியை முறுக்கும் ஆணி), மோவாய்த் தாங்கி எல்லாமே மாற்றக்கூடியவை. அவற்றைத் துப்பறிவாளர் பொருட்படுத்தக் கூடாது. மேற்பலகைதான் சாட்சி. ஸ்ப்ரூஸ் மரத்தின் ஆண்டு வளையங்கள் அகலமும் குறுகலுமாக மாறிமாறி வரும் வரிசை, கைரேகை மாதிரி. திருட்டுக்கு முன் எடுத்த பழைய படத்தை அளவுகோலோடு வைத்து, வளையம் வளையமாக ஒப்பிட வேண்டும். சாய்வாக எடுத்த படம் அகலத்தைத் திரித்துவிடும். ஓரத்து அழுக்கு கடைசி வளையங்களை மறைக்கும். கடைசி வளையத்தின் ஆண்டு, அதற்கு முன் வயலின் செய்யப்படவில்லை என்று மட்டுமே சொல்லும். பின்பலகை மேப்பிளின் வரிகளையும் பழைய கீறல்களையும் அடுத்துப் பார்க்கட்டும்.

வயலினை எல்லார் கண்முன்னும் வைத்தே மறைக்கும் திருடனின் தந்திரத்துக்கு நிஜ முன்மாதிரி இருக்கிறது. வயலின் கலைஞர் ஹூபர்மனிடம் இருந்த, 1713இல் செய்யப்பட்ட ஸ்ட்ராடிவாரி வயலின் 1936இல் நியூயார்க்கின் கார்னகி ஹாலில் களவுபோனது. ஜூலியன் ஆல்ட்மன் என்ற இசைக்கலைஞர் அதன்மேல் ஷூ பாலிஷ் பூசி, பல்லாண்டுகள் ஊரறிய வாசித்தார். உண்மை வெளிவந்தது 1985இல். ஆகவே நம் கதையில் வயலினைப் பெட்டகத்தில் ஒளிக்க வேண்டாம், இசைக்குழுவின் நடுவிலேயே இருக்கட்டும்.