புதுப்பிப்பு: வைஃபை இருந்தும் பக்கம் திறக்காத கம்ப்யூட்டர் சரியாகிவிட்டது

போன வாரம் எழுதியிருந்தேன் அல்லவா, பினாங்கு ஆயர் ஈத்தாம் வீட்டுக் கம்ப்யூட்டரில் வைஃபை இணைந்திருப்பதாகக் காட்டுகிறது, ஆனால் எந்த இணையப் பக்கமும் திறக்கவில்லை என்று. இப்போது சரியாகிவிட்டது. அதே வைஃபையில் கைப்பேசி நன்றாக ஓடியதால் ரௌட்டர் மேல் எனக்குச் சந்தேகம் இல்லை. இங்கே ஓர் அண்ணன் சொன்னபடி கூகளின் 8.8.8.8 என்ற எண் முகவரிக்குப் பிங் அடித்தேன் (அங்கிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் சோதனை), உடனே பதில் வந்தது. கூகள் பெயரைப் போட்டு அடித்தால் அப்படி ஒரு பெயரையே கண்டுபிடிக்க முடியவில்லை என்றது. அங்கேதான் விஷயம் பிடிபட்டது. லைன் இருக்கிறது, பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்தான் கிடைக்கவில்லை. நெட்வொர்க் அமைப்பில் பார்த்தால், அக்கா விபிஎன் (வெளியிலிருந்து அலுவலக வலையோடு இணைக்கும் வழி) வழியாக வீட்டிலிருந்து வேலை செய்த காலத்தில் கையால் போட்ட, 10 என்று தொடங்கும் அலுவலக உள்வலை டிஎன்எஸ் முகவரி அப்படியே கிடந்தது, அந்த விபிஎன்னையோ போன வாரம்தான் நீக்கியிருந்தோம், அப்புறம் அது எப்படி எட்டும்? டிஎன்எஸ்ஸைத் தானாகப் பெறும்படி மாற்றி, சேமித்து வைத்த பழைய டிஎன்எஸ் பதில்களை அழிக்கும் ஐபிகான்ஃபிக் /ஃப்ளஷ்டிஎன்எஸ் கட்டளையைக் கொடுத்தேன், பக்கங்கள் வந்துவிட்டன. கடையில் விண்டோஸை அழித்து மறுபடி போடச் சொன்னார்கள், நல்லவேளை கேட்கவில்லை, தங்கச்சியின் எஸ்பிஎம் தேர்வுக் குறிப்புகள் எல்லாம் அதில்தான் இருக்கின்றன. பொறுமையாகப் பதில் சொன்ன எல்லாருக்கும் மிக்க நன்றி.