முதல் வேலை: ஒரிஜினல் சான்றிதழைக் கொடுக்கலாமா?

அக்காமாரே, அண்ணாச்சிமாரே, வணக்கம். நான் கல்லிடைக்குறிச்சி. பி.காம் முடிச்சு, திருநெல்வேலி வண்ணார்பேட்டையில ஒரு ஆபீஸ்ல கணக்கு வேலை கிடைச்சிருக்கு. திங்கட்கிழமை சேரணும்.

பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி ஒரிஜினல் எல்லாத்தையும் ரெண்டு வருஷத்துக்கு வாங்கி வச்சுக்குவாங்களாம். அம்மா அப்பளம் தேய்ச்சுப் படிக்க வச்ச படிப்பு. அந்த ஃபைலைத் தூக்கிக் கொடுக்க மனசே வரல. ஒரிஜினலைக் காட்டிட்டு ஜெராக்ஸ் மட்டும் தாரேன்னு எப்படிப் பேசணும்? அப்படிப் பேசிச் சேர்ந்தவங்க சொல்லுங்க.

பி.எஃப்.க்கு (வருங்கால வைப்பு நிதி) என் பங்கு அடிப்படைச் சம்பளத்துல 12 சதவீதம்னு தெரியும். கம்பெனி பங்கையும் என் சம்பளத்துலயே பிடிப்போம்ங்காங்க, அது சரியா?

வேலை முடிய ராத்திரி எட்டாயிருமாம், தினம் ரயில்ல வந்து போக முடியாது. பெருமாள்புரம், பாளையங்கோட்டை பக்கம் நல்ல லேடீஸ் ஹாஸ்டல் தெரிஞ்சா வாடகையோட சொல்லுங்க. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து பாத்துருவேன்.