ஜிப்சி கிங் 1997: இடது ஹெட்லைட் மங்கல், டிம்மில் போட்டாலும் நீல விளக்கு லேசாக எரிகிறது

கோத்தகிரிக்காரன்

அனைவருக்கும் வணக்கம். வண்டி 1997 மாடல் ஜிப்சி கிங், கார்புரேட்டர். இரண்டு கை மாறி என்னிடம் வந்தது. எஞ்சின், கியர் எல்லாம் திருப்தி. ஹெட்லைட்தான் படுத்துகிறது.

டிம்மில் போட்டால் வலது பக்கம் நன்றாக எரிகிறது. இடது பக்கம் மட்டும் மஞ்சளாக, இப்போது அணையுமோ அப்போது அணையுமோ என்று எரிகிறது. கூடவே மீட்டரில் உள்ள நீல ஹைபீம் விளக்கும் லேசாகத் தெரிகிறது. ப்ரைட்டுக்கு மாற்றினால் நீல விளக்கு முழுசாக எரியும், வலது பக்கமும் நன்றாக அடிக்கும். இடது அப்போதும் அதே மங்கல்.

பல்பு இரண்டையும் இடம் மாற்றிப் போட்டுப் பார்த்தேன். கோளாறு இடது பக்கத்தை விட்டு நகரவில்லை. பேட்டரி புதுசு, எஞ்சின் ஓடும்போது பேட்டரி டெர்மினலில் 13.9 வோல்ட் காட்டுகிறது. மேட்டுப்பாளையத்தில் ஒரு எலக்ட்ரீஷியனிடம் காட்டியதில், எர்த் (கரண்ட் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் வழி) போய்விட்டது என்று சொல்லி விளக்குக் கிண்ணத்திலிருந்து பாடிக்கு ஒரு வயர் போட்டார். துளியும் மாற்றமில்லை. இப்போது முழு வயரிங் கிட்டையும் மாற்றணும் என்கிறார். அவ்வளவு பெரிய வேலை தேவைதானா? சாயங்காலமானால் குஞ்சப்பனை பக்கம் பனி இறங்கிவிடுகிறது. ஒற்றை விளக்கோடு வளைவில் திரும்பினால் எதிரே வருகிறவர் பைக் என்று நினைத்து நடு ரோட்டிலேயே வருகிறார்.

டீசல்ஜீப்

நண்பரே, கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், எர்த்தேதான். என் பழைய டீசல் ஜீப்பில் அச்சு அசல் இதே அறிகுறி. ஒரே பல்புக்குள் டிம்முக்கு ஒன்று, ப்ரைட்டுக்கு ஒன்று என்று இரண்டு இழைகள். பல்பின் எர்த் விட்டுப்போனால், டிம் இழை வழியாக வந்த கரண்ட் பாடிக்குப் போக வழியில்லாமல் அதே பல்பின் ப்ரைட் இழைக்குள் திரும்பி, ப்ரைட் வயர் வழியாகப் பக்கத்து விளக்குக்கும் மீட்டர் விளக்குக்கும் போய்விடும். நீல விளக்கு லேசாக எரிவது அதனால்தான்.

கிண்ணத்தில் எர்த் கொடுத்து என்ன பயன்? பல்பு ஹோல்டரில் மூன்று வயர் வரும். அதில் பொதுவான வயரை வெட்டி, நேராகப் பாடியில் ஒரு போல்ட் போட்டு இறுக்குங்கள். வேலை முடிந்தது.

ராத்திரிபயணி

அந்த ஹோல்டர், வயர் வம்பே வேண்டாம் ப்ரோ. நல்ல எல்இடி பல்பு ஒரு செட் வாங்கி மாட்டுங்கள். இல்லையென்றால் 100/90 வாட் (ப்ரைட் 100, டிம் 90) ராலி பல்பு. பனியெல்லாம் பறந்துவிடும்.

பழைய வயர்மேன்

கோத்தகிரித் தம்பி, டீசல்ஜீப் சொன்னபடி அந்தப் பொது வயரைப் பாடியில் மாட்டிவிடாதீர்கள். முதலில் இதைப் படியுங்கள்.

அவர் சொன்ன கரண்ட் கணக்கு சரி. அவருடைய ஜீப்பில் சுவிட்ச் பாசிட்டிவ் பக்கம் இருந்திருக்கும், பல்பின் பொது முனை எர்த்தாக இருந்திருக்கும். ஜிப்சியின் சுசுகி வயரிங் தலைகீழ். பல்பின் பொது முனைக்கு ஃப்யூஸ் வழியாக பாசிட்டிவ் வரும். டிம், ப்ரைட் வயர்கள் இரண்டும் ஸ்டியரிங்கில் உள்ள காம்பினேஷன் சுவிட்சுக்குப் போகும், சுவிட்ச்தான் அவற்றை எர்த்தில் சேர்க்கும். அந்தப் பொது வயரைப் பாடியில் இறுக்கினால் ஷார்ட். ஃப்யூஸ் போனால் தப்பித்தீர்கள்.

இப்போது உங்கள் அறிகுறியை இந்த வயரிங்கில் வைத்துப் பாருங்கள். இடது விளக்குக்கு வரவேண்டிய பாசிட்டிவ் வரவில்லை என்று வைத்துக்கொள்வோம். டிம்மில் போட்டதும் கரண்ட் வலது பல்பின் ப்ரைட் இழை வழியாக ப்ரைட் வயருக்கு வந்து, அங்கிருந்து இடது பல்பின் ப்ரைட் இழை, பிறகு அதன் டிம் இழை, கடைசியில் சுவிட்ச் எர்த் என்று சுற்றிப் போகும். மூன்று இழைகள் தொடராக நிற்பதால் ஒவ்வொன்றுக்கும் மூன்றில் ஒரு பங்கு வோல்டேஜ்தான். மஞ்சள் மினுக்கம் அதுதான். நீல விளக்குக்கும் அந்த ஒரு பங்கு கிடைக்கிறது. ஆக, ஒரு வண்டியில் எர்த் கோளாறு காட்டும் அதே அறிகுறியை இன்னொரு வண்டியில் ஃப்யூஸ் கோளாறு காட்டும்.

என் பேச்சையும் நம்ப வேண்டாம், வண்டியைக் கேளுங்கள். உங்களுக்கு முன்னால் யாராவது வயரிங்கை மாற்றியிருக்கலாம். நன்றாக எரிகிற வலது பக்க ஹோல்டரைக் கழற்றுங்கள். டெஸ்ட் லேம்பின் (ஒரு முனையில் க்ளிப், மறுமுனையில் ஊசி உள்ள சோதனை விளக்கு) க்ளிப்பைப் பாடியில் மாட்டி, ஹெட்லைட்டை டிம்மில் போட்டு, மூன்று முனைகளையும் தொடுங்கள். எச்4 என்கிற இந்த மூன்று முனை பல்பில் மேலே படுக்கையாக இருக்கும் முனை டிம். பக்கத்துக்கு ஒன்றாக நிற்கும் இரண்டில் ஒன்று ப்ரைட், மற்றது பொது. டிம் முனையில் எரிந்தால் டீசல்ஜீப் சொன்னது சரி. பொது முனையில் எரிந்தால் நான் சொன்னது. அப்புறம் க்ளிப்பை பேட்டரி பாசிட்டிவுக்கு மாற்றி டிம் முனையைத் தொட்டால் எரியணும். அப்படி எரிந்தால் சுவிட்சின் எர்த் பக்கமும் சரி.

கோத்தகிரிக்காரன்

நல்லவேளை அண்ணா, வெட்டவில்லை. வலது பக்கம் நீங்கள் சொன்னபடியே. பொது முனையில் பளிச்சென்று எரிகிறது, டிம் முனையில் இல்லை. க்ளிப்பை பாசிட்டிவில் மாட்டினால் டிம் முனையில் எரிகிறது.

ஆனால் ஒன்று குழப்புகிறது. இடது ஹோல்டரைக் கழற்றி மல்டிமீட்டர் வைத்தால் பொது முனையில் 12.4 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் பாசிட்டிவ் வருகிறது என்றுதானே அர்த்தம்? ஃப்யூஸையும் பிடுங்கிப் பார்த்தேன், கம்பி அறுபடவில்லை.

பழைய வயர்மேன்

அந்த 12.4 தான் எல்லோரையும் ஏமாற்றுகிற எண். மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லாத மாதிரி. நூல் அளவுக்கு ஒட்டிக்கொண்டிருக்கிற கனெக்ஷனில்கூட முழு வோல்டேஜ் தெரியும். 55 வாட் பல்பு நாலரை ஆம்பியருக்கு மேல் இழுக்கும், அப்போதுதான் குட்டு உடையும். குழாயில் காற்றடித்தால் வருகிறது, தண்ணீர் விட்டால் வரவில்லை என்கிற கதை.

அதனால் பல்பை மாட்டி, விளக்கைப் போட்டுவிட்டு அளக்கணும். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும். சிவப்பு முனையை ஹோல்டரின் பின்பக்கமாகப் பொது வயர் டெர்மினலில் குத்தி ஒரு அளவு எடுங்கள். அப்புறம் டேஷ்போர்டுக்குக் கீழே ஃப்யூஸ் பாக்ஸ். பிளேடு ஃப்யூஸின் தலையில் இரண்டு சின்ன உலோகப் புள்ளிகள் வெளியே தெரியும். ஃப்யூஸைப் பிடுங்காமலே அங்கே தொட்டு அளக்கலாம். கடைசியாக, பாக்ஸின் பின்னால் அந்த ஃப்யூஸிலிருந்து வெளியேறும் வயர். எந்த இரண்டு இடத்துக்கு நடுவில் வோல்டேஜ் விழுகிறதோ, கோளாறு அங்கே உட்கார்ந்திருக்கிறது. வயரிங் கிட்டுக்குப் பணம் கட்டுவதை அதற்கு மேல் யோசிக்கலாம்.

டீசல்ஜீப்

சுசுகி வயரிங் இப்படி என்று எனக்குத் தெரியாது சார். கோத்தகிரி நண்பரே, என் யோசனையை விட்டுவிடுங்கள். அளவுகளைப் போடுங்கள், எனக்கும் ஆர்வமாகிவிட்டது.

கோத்தகிரிக்காரன்

எஞ்சின் ஓடும்போது, டிம்மில் எடுத்த அளவுகள்:

பேட்டரி 13.9
இடது ஃப்யூஸ் தலை, உள்ளே வரும் பக்கம் 13.5
இடது ஃப்யூஸ் தலை, வெளியே போகும் பக்கம் 13.5
பாக்ஸுக்குப் பின்னால் வெளியேறும் வயர் 5.2
இடது ஹோல்டர் பொது முனை 5.1
வலது ஹோல்டர் பொது முனை 12.3

பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு பாக்ஸைத் திருப்பிப் பார்த்தேன். இடது ஹெட்லைட் ஃப்யூஸ் உட்காரும் இடத்தில் பிளாஸ்டிக் பழுப்பாகி உருகியிருக்கிறது. ஃப்யூஸின் ஒரு கால் கருநீலமாக இருக்கிறது. இன்னொரு விஷயம், பல்பைக் கழற்றி எழுத்தைப் படித்தால் 100/90 என்று போட்டிருக்கிறது, இரண்டுமே. முன்பு வைத்திருந்தவர் மாட்டியிருக்கிறார்.

பழைய வயர்மேன்

கிடைத்துவிட்டது. ஃப்யூஸுக்குள் ஒன்றும் விழவில்லை. ஃப்யூஸின் காலுக்கும் அதைக் கவ்விப் பிடிக்கும் டெர்மினலுக்கும் நடுவில் மட்டும் 8 வோல்ட்டுக்கு மேல் காணாமல் போகிறது. அந்த 8 வோல்ட்டும் அங்கே சூடாக மாறித்தான் பிளாஸ்டிக்கை உருக்கியிருக்கிறது.

காரணமும் உங்கள் கையிலேயே இருக்கிறது. 55 வாட்டுக்குப் பதில் 90, ப்ரைட்டில் 60க்குப் பதில் 100. ஒரு பக்கத்துக்கு 5 ஆம்பியர் போகவேண்டிய இடத்தில் 8க்கு மேல். அது ஃப்யூஸ் அறுந்துபோகும் அளவு இல்லை. வயதான டெர்மினல் சூடாகும், சூடானால் அதன் ஸ்பிரிங் இளகும், இளகினால் பிடி தளர்ந்து இன்னும் சூடாகும். ராத்திரிபயணி கோபிக்கக் கூடாது, மலைப் பாதையில் வெளிச்சத்துக்கு ஏங்குவது எனக்கும் தெரியும். ஆனால் பழைய வயரில் அந்த பல்பைப் போட்டால் இதுதான் கதி.

எமரி பேப்பர் போட்டுத் தேய்த்து மாட்டினால் உடனே எரியும். ஸ்பிரிங் செத்துவிட்டதால் மறுபடி கறுக்கும், அதில் நேரத்தை வீணாக்காதீர்கள். கறுத்த டெர்மினலைப் பின்னால் இழுத்து வெட்டிவிட்டு, வயரில் பச்சையோ கறுப்போ ஏறாத இடம் வரை சீவி, புது டெர்மினல் க்ரிம்ப் பண்ணுங்கள் (வயரில் நசுக்கிப் பிடிக்க வையுங்கள்). பாக்ஸில் அந்த அறை உருகியிருப்பதால் அங்கேயே திரும்ப உட்கார வைக்க முடியாமல் போகலாம். அப்படியானால் தனியாக ஒரு பிளேடு ஃப்யூஸ் ஹோல்டரை வயரிலேயே சேர்த்து, பாக்ஸுக்குப் பக்கத்தில் கட்டிவிடுங்கள். பழைய ஃப்யூஸ் எத்தனை ஆம்பியரோ அதே அளவு, கூட்டக்கூடாது. பல்பை 60/55க்கு மாற்றுங்கள். ஹோல்டர்களையும் திருப்பிப் பாருங்கள், 100/90 ஓடிய வண்டியில் அவையும் வெந்திருக்கும்.

வலது பக்கத்தில் 12.3 என்பதும் நல்ல அளவு என்று சொல்ல மாட்டேன். பேட்டரியில் 13.9 இருக்க, வழியில் ஒன்றரை வோல்ட் போய்விட்டது. ஹாலோஜன் பல்பில் வோல்டேஜ் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சம் ஏறக்குறைய 30 சதவீதம் குறையும். எர்த் பக்கம் சுவிட்சுக்குள் விழுவது தனி.

கோத்தகிரிக்காரன்

வயரில் தனி ஃப்யூஸ் ஹோல்டர் போட்டாயிற்று, 60/55 பல்பும் மாட்டியாயிற்று. இரண்டு பக்கமும் ஒரே மாதிரி எரிகிறது, டிம்மில் நீல விளக்கு எரிவதே இல்லை. இடது ஹோல்டரின் டெர்மினல் ஒன்று பல்போடு ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது, அதையும் மாற்றினேன். மிக்க நன்றி அண்ணா.

அந்த ஒன்றரை வோல்ட் இழப்பைச் சரிசெய்ய ரிலே (சின்னக் கரண்டால் பெரிய கரண்டை இணைக்கும் சுவிட்ச்) போடலாமா? கடையில் ரெடிமேட் ரிலே செட் கேட்டால், அப்படியே சொருகிக்கொள்ளலாம் என்கிறார்கள்.

பழைய வயர்மேன்

தாராளமாகப் போடலாம். சொருகினால் மட்டும் வேலை செய்யாது. ரெடிமேட் செட் பெரும்பாலும் பாசிட்டிவ் சுவிட்ச் வண்டிக்கானது. அதில் ரிலேயை இழுக்கும் காயிலின் (கம்பிச் சுருள்) ஒரு முனை நிரந்தரமாக எர்த்தில் சேர்ந்திருக்கும். உங்கள் வண்டியில் சுவிட்சும் எர்த்தையே கொடுப்பதால் இரண்டு பக்கமும் எர்த், ரிலே இழுக்காது. சிலவகை எல்இடி பல்புகள் இந்த மாதிரி வண்டிகளில் எரியாமல் அடம்பிடிப்பதற்கும் இதே தலைகீழ்தான் காரணம்.

நான்கு முனை ரிலே இரண்டு வாங்குங்கள், ஒன்று டிம், ஒன்று ப்ரைட். முனைகளில் எண் போட்டிருக்கும்: 85, 86 காயிலுக்கு, 30, 87 விளக்குக் கரண்டுக்கு. பழைய இடது ஹோல்டர் இனி விளக்கில் மாட்டாது, ரிலேக்கு ஆணை கொடுக்க மட்டும். அதன் பொது முனையிலிருந்து இரண்டு ரிலேயின் 86க்கும். டிம் முனையிலிருந்து டிம் ரிலேயின் 85, ப்ரைட் முனையிலிருந்து ப்ரைட் ரிலேயின் 85. காயில் இழுப்பது கால் ஆம்பியர்கூட இல்லை, இதற்குச் சின்ன வயர் போதும். பழைய வலது ஹோல்டரை டேப் சுற்றிக் கட்டிவிடுங்கள்.

பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஒவ்வொரு ரிலேயின் 30க்கும் 15 ஆம்பியர் ஃப்யூஸ் வைத்து 2.5 சதுர மில்லிமீட்டர் வயர். ஃப்யூஸ் பேட்டரிக்கு ஒரு சாண் தூரத்துக்குள் இருக்கணும். 87லிருந்து புது பீங்கான் ஹோல்டர்களின் டிம், ப்ரைட் முனைகளுக்கு. புது ஹோல்டர்களின் பொது முனை மட்டும் இனிமேல் எர்த். அதையும் 2.5 வயரில் பெயிண்ட் சுரண்டிய இடத்தில், முடிந்தால் பேட்டரி நெகட்டிவுக்கே கொண்டுபோய்க் கட்டுங்கள். பழைய வயர் எதையும் வெட்டவில்லை, நீல விளக்கும் முன்போலவே எரியும்.

ரிலேக்களை முனைகள் கீழே பார்க்கிற மாதிரி மாட்டுங்கள். உங்கள் ஊர் மழைக்கு அது அவசியம்.

ராத்திரிபயணி

கோபமெல்லாம் இல்லை சார். என் வண்டியிலும் 100/90தான் இருக்கிறது, ஹோல்டரைக் கழற்றிப் பார்க்கிறேன். ஒரு சந்தேகம், ரிலே போட்ட பிறகாவது அந்த பல்பு தாங்குமா?

பழைய வயர்மேன்

வயர் தாங்கும். ரிஃப்ளெக்டரும் பிளாஸ்டிக் ஹோல்டரும் தாங்காது, எதிரே வருகிறவர் கண்ணும் தாங்காது. பனியில் ஒளி உங்கள் மேலேயே திரும்பி அடிக்கும். 60/55க்கு முழு வோல்டேஜ் கொடுத்து, சுவருக்கு முன்னால் நிறுத்தி டிம்மின் குவியத்தைச் சரிபண்ணிப் பாருங்கள், அதற்கு மேல் தேவைப்பட்டால் பேசலாம்.