ஜோர்ஜி பென் எலெக்ட்ரிக் கிதாருக்கு மாறியது ஏன்?

தாளப்பித்தன்:
பிரேசில் பாடகர் ஜோர்ஜி பென்னைக் கொஞ்ச நாளாகத்தான் கேட்கிறேன். 1963ல் வந்த முதல் ஆல்பம், 'மாஸ் கே நாடா' இருக்கிறதே அது, மனசில் ஒட்டிக்கொண்டது. அதே மயக்கத்தில் 1976ல் வந்த 'ஆஃப்ரிகா பிரசில்' போட்டால் முதல் பாட்டிலேயே எலெக்ட்ரிக் கிதார், ஃபங்க் (அமெரிக்கக் கறுப்பர்களின் ஆட்டத்தாள இசை), முரட்டுக் குரல். நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் சாம்பா (பிரேசிலின் மேளத்தாள இசை) எங்கே? ராக் ரசிகர்களைப் பிடிக்க மாறிவிட்டாரா?

பழைய ரேடியோ:
சாம்பா எங்கும் போகவில்லை. அந்த முதல் பாட்டையே, 'உம்பபராவுமா'வை, ஹெட்ஃபோனில் கேளுங்கள். கிதாருக்கு அடியில் குயிக்கா முனகும் (தோலில் கட்டிய குச்சியை ஈரத்துணியால் உருவி வாசிக்கிற மேளம்). அப்புறம் கிதாரைக் கவனியுங்கள். நீளமான சோலோ எல்லாம் கிடையாது, ஒரே வெட்டைத் திரும்பத் திரும்ப வெட்டிக்கொண்டே போகிறார், அதாவது அதையும் ஒரு மேளமாக்கிவிட்டார். சாதாரண கிதாரிலும் அவர் கை அப்படித்தான் ஓடும், என்ன, இங்கே சத்தம் அதிகம்.

குறுக்குச்சால்:
'மாறிவிட்டாரா' என்பதில்தான் எனக்குச் சிக்கல். 1967 ஜூலையில் பிரேசிலின் சாவ் பாவ்லோ நகரில் எலெக்ட்ரிக் கிதாரை, அந்நிய இசையின் அடையாளம் என்று எதிர்த்து ஊர்வலமே போனார்கள், பாடகி எலிஸ் ரெஜினா முன்னால், பாடகர் ஜில்பெர்த்தோ ஜில்லும் கூடவே. அந்த ஜில்தான் சில மாதத்தில் ஓஸ் முதாண்டிஸ் ராக் குழுவோடு, எலெக்ட்ரிக் கிதாரோடு, பாட்டுப் போட்டி மேடை ஏறினார் என்பது வேறு கதை! ஜோர்ஜி பென் இந்தச் சண்டையில் ஒட்டவே இல்லை, பாடகர் ராபெர்த்தோ கார்லோஸின் டிவி ராக் நிகழ்ச்சியிலும் பாடினார், அதே 1967ல் 'ஓ பிதூ' ஆல்பத்தில் மின் கிதாரும் வைத்தார். 1976ல் புதுசு என்னவென்றால், ஆல்பம் முழுக்க அதன் மேல் நிற்பதுதான்.

அரைத்தாளம்:
எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் முரண்படுகிறேன். பிரேசிலில் தப்பியோடிய அடிமைகள் அமைத்த பால்மாரெஸ் குடியிருப்பின் தலைவன் சும்பி பற்றிய பாட்டை இரண்டு முறை பதிவு செய்திருக்கிறார். 1974ன் 'ஆ தாபுவா ஜி எஸ்மெரால்தா'வில் அது அடங்கிய குரலில் வரும், அடிமைச் சந்தையை விவரிக்கும்போது குரலை உயர்த்தக்கூட மாட்டார், அதுதான் பயமுறுத்தும். 1976ல் அதையே தொண்டை கிழியப் பாடுகிறார். என் காதுக்குப் பழையதுதான்.

பழைய ரேடியோ:
எனக்கு நேர்மாறு. பிடிபட்டு விற்கப்பட்டவர்களின் கோபம் அடங்கிய குரலில் எத்தனை நாள்தான் நிற்கும்?

தாளப்பித்தன்:
சரி, இரண்டு சும்பியையும் அடுத்தடுத்து கேட்டுப் பார்க்கிறேன். 'ஆஃப்ரிகா பிரசில்'லில் வரும் 'தாஜ் மஹால்' பாட்டின் பல்லவி எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதே?

குறுக்குச்சால்:
பிரிட்டிஷ் பாடகர் ராட் ஸ்டூவர்ட்டின் 1978 டிஸ்கோ பாட்டில். வழக்கு வரைக்கும் போய் சமரசத்தில் முடிந்தது. ஜோர்ஜி பென் 'தாஜ் மஹாலை' 1972லேயே 'பென்' ஆல்பத்தில் பாடிவிட்டார், அதையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.